கீ செல்லாதா, வட்டு பொருந்தவில்லையா? மாற்றியமைத்த விண்டோஸ் வட்டுகளும் மறுக்கப்படும் ப்ராடக்ட் கீயும்

காசு கொடுத்து வாங்கிய கணினி. அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் 25 எழுத்துக் கீ தெளிவாக இருக்கிறது. விண்டோஸை மறுபடி போடும்போது அதைப் பிழையில்லாமல் தட்டினாலும் 'கீ செல்லாது' என்று திரை மறுத்துவிடுகிறது. போடும் வட்டு மட்டும் கணினியோடு வந்ததல்ல. சர்வீஸ் பேக்கையும் டிரைவர்களையும் சேர்த்து, வேண்டாதவற்றை நீக்கி, யாரோ புதிதாக எரித்தது. பழைய கணினிகளைப் பராமரிக்கும் கடைக்காரர்களும், கல்லூரி ஆய்வகங்களைக் கவனிப்பவர்களும், வீட்டிலேயே ஃபார்மட் அடித்துக்கொள்பவர்களும் இந்த இடத்தில் நின்றிருப்பார்கள்.

அப்போது சந்தேகம் முதலில் கீயின் மேல்தான் விழுகிறது. ஸ்டிக்கர் கீயை ஒதுக்கிவிட்டு, எங்கோ கிடைத்த கீயைப் போடுகிறார்கள். அதுவும் ஏற்கப்படாவிட்டால் கீ உருவாக்கித் தருவதாகச் சொல்லும் மென்பொருளை இறக்குகிறார்கள். முறையாக வாங்கிய உரிமம் கையில் இருக்க, கள்ள நகலோடும் வைரஸோடும் முடிகிறது வேலை. இது தவிர்க்கக்கூடிய இழப்பு. கீ தனியாகச் சோதிக்கப்படுவதில்லை. கீ, வட்டு, கணினி மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதே சோதனை. வட்டை மாற்றியமைப்பவர் அந்த மூன்றில் ஒன்றைத் தொட்டுவிடுகிறார். ஆகவே கோளாறைத் தேட வேண்டிய முதல் இடம் வட்டு.

கீக்குள் என்ன இருக்கிறது

விண்டோஸ் 95 காலத்துக் கீ எளிய கணக்கு. குறிப்பிட்ட இலக்கங்களின் கூட்டுத்தொகை 7-ஆல் வகுபட்டால் ஏற்கப்பட்டது. 2001 அக்டோபர் 25-இல் வந்த எக்ஸ்பி இதை அடியோடு மாற்றியது. அதன் கீ ஐந்து ஐந்தாகப் பிரித்த 25 எழுத்துகள் கொண்டது. ஒவ்வொரு இடத்திலும் 24 குறிகளில் ஒன்று வரலாம். விரித்துப் பார்த்தால் ஏறத்தாழ 114 பிட் தகவல். அதில் ஒரு பகுதி வரிசை எண். மறு பகுதி, நீள்வளைவுக் கணிதத்தில் அமைந்த மின் கையொப்பம்.

கையொப்பத்தைச் சரிபார்க்கத் தேவையான பொது எண் வட்டிலேயே, 'பிட்ஜென்.டிஎல்எல்' என்ற கோப்புக்குள் இருக்கிறது. காசோலைக் கையொப்பத்தை வங்கி தன்னிடமுள்ள மாதிரிக் கையொப்பத்தோடு ஒப்பிடுவது போன்றது இது. மாதிரி வேறொருவருடையது என்றால், உண்மையான கையொப்பமும் திருப்பி அனுப்பப்படும். எக்ஸ்பி நிறுவும்போது இணையத் தொடர்பு இல்லாமலே கீ மறுக்கப்படுவதற்குக் காரணம் இதுதான். மைக்ரோசாஃப்டின் கணினி எதுவும் அந்தக் கீயை இன்னும் பார்த்திருக்காது. மறுப்பது கையிலுள்ள வட்டு.

அந்த 24 குறிகளைத் தெரிந்துவைத்திருப்பது அழிந்துபோன ஸ்டிக்கரைப் படிக்க உதவும். ஏ, இ, ஐ, ஓ, யு என்ற ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தும் அதில் இல்லை. எல், என், எஸ், இசட் இல்லை. 0, 1, 5 ஆகிய இலக்கங்களும் இல்லை. எனவே 'ஓ' அல்லது பூஜ்யம் போலத் தெரிவது 'க்யூ' அல்லது 'டி'யாக இருக்க வேண்டும். 'இசட்' போன்றது 2. 'யு' போன்றது 'வி'. 'எஸ்' என்றோ 5 என்றோ தோன்றினால் 6, 8, 'பி' என்று வைத்துப் பார்க்கலாம். விண்டோஸ் 8 முதல் வந்த கீகளில் 'என்' எழுத்தும் இடம்பெறுகிறது. எண் விசைகள் எழுத்து விசைகளோடு கலந்திருக்கும் பழைய மடிக்கணினிகளில் நம்லாக் போட்டிருந்தால், 'ஜே', 'கே' தட்டும் இடத்தில் இலக்கம் விழும். அதையும் அணைத்துவிட்டுத் தட்ட வேண்டும்.

எக்ஸ்பியின் மூன்று விற்பனை வழிகள்

எக்ஸ்பி மூன்று வழிகளில் விற்கப்பட்டது. கடையில் பெட்டியாக வாங்கும் சில்லறைப் பதிப்பு. கணினித் தயாரிப்பாளர் வழியே வரும் ஓஇஎம் பதிப்பு. நிறுவனங்களுக்கான மொத்த உரிமப் பதிப்பு. கோப்புகள் பெரும்பாலும் ஒன்றே என்றாலும், ஒரு வழியின் கீயை இன்னொரு வழியின் வட்டு ஏற்காது. வழி ஒன்றானாலும் பதிப்பும் பொருந்த வேண்டும்: ஹோம் கீ புரொஃபஷனல் வட்டில் செல்லாது. 32 பிட் கீ, 2005-இல் தனியாக வந்த 64 பிட் எக்ஸ்பியில் செல்லாது. மேம்படுத்தல் பெட்டியின் கீக்கு மேம்படுத்தல் வட்டே வேண்டும்.

மொத்த உரிம எக்ஸ்பிக்கு, எந்தக் கணினியில் போட்டாலும், ஆக்டிவேஷன் (நிறுவிய பின் கீயை மைக்ரோசாஃப்டிடம் உறுதிசெய்வது) தேவைப்படவில்லை. அதனாலேயே அது கைக்குக் கை அதிகம் பரவியது. மாற்றியமைத்த வட்டுகள் பலவற்றுக்கும் அதுவே மூலமானது. மடிக்கணினியின் அடியிலுள்ள ஸ்டிக்கரிலோ இருப்பது ஓஇஎம் கீ. இரண்டும் சந்திக்கும்போது மறுப்பு உறுதி. முறையான கீ வைத்திருப்பவர் முறைகேடான வட்டால் தடுக்கப்படும் இந்த நிலைமைதான் நாம் எடுத்துக்கொண்ட சிக்கலின் மையம்.

வட்டு எந்த வழியைச் சேர்ந்தது என்று அறிய இரண்டு அடையாளங்கள் உண்டு. முதலாவது வட்டின் பெயர். மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மூல வட்டுகளின் பெயரில் 'விஓஎல்' என்று வந்தால் மொத்த உரிமம். 'ஓஇஎம்' என்றால் தயாரிப்பாளர் வழி. 'எஃப்பிபி' என்றால் சில்லறை. ஆனால் எரிப்பவர் பெயரை மாற்றிவிடலாம். இரண்டாவது, 'ஐ386' கோப்புறையிலுள்ள 'செட்டப்பி.ஐஎன்ஐ'. ஆங்கிலத்தில் இப்பெயரின் கடைசியில் 'பி' இரண்டு முறை வரும். அதில் 'பிட்' என்று தொடங்கும் வரியின் கடைசி மூன்று குறிகள் 270 என்றால் மொத்த உரிமம். ஓஇஎம் என்றே எழுதியிருந்தால் தயாரிப்பாளர் வழி. இரண்டும் இல்லையென்றால் பொதுவாகச் சில்லறை. இந்தக் கோப்பைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சிலர் இதைத் திருத்தி வட்டை இன்னொரு வழிக்கு மாற்றப் பார்க்கிறார்கள். அது உரிம விதியை மீறுவது. வட்டின் நம்பகத்தன்மையையும் குலைப்பது. கீக்கு ஏற்ற வழியின் மூல வட்டைத் தேடிப் பெறுவதே நிலைக்கும் தீர்வு.

மாற்றியமைக்கும்போது மாறுவது

சர்வீஸ் பேக்கை மூல வட்டோடு கலந்து புதிய வட்டு எரிப்பது எக்ஸ்பி காலத்தில் வழக்கமான, பயனுள்ள வேலை. பேக்கை 'இன்டகிரேட்' கட்டளையோடு ஓட்டினால் 'ஐ386' கோப்புறையின் கோப்புகள் புதுப்பிக்கப்படும். 'என்லைட்' போன்ற மென்பொருள்கள் இதையே எளிதாக்கின. சேட்டா டிரைவர்களைச் சேர்க்கவும் வேண்டாத பகுதிகளை நீக்கவும் வழி தந்தன. முறையாகச் செய்தால் கீயின் வழி மாறாது. ஓஇஎம் வட்டோடு பேக்கைக் கலந்தாலும் அது ஓஇஎம் வட்டுதான்.

இரண்டு வட்டுகளின் கோப்புகளைக் கலப்பதில்தான் ஆபத்து. சில்லறை வட்டில் ஒரு கோப்பு கெட்டுவிட்டதென்று மொத்த உரிம வட்டிலிருந்து எடுத்துப் போட்டால், சரிபார்ப்புக் கோப்பு ஒரு வழியிலும் அடையாளக் கோப்பு இன்னொரு வழியிலும் நிற்கும். பிறகு எந்தக் கீயும் ஏற்கப்படாமல் போகலாம். மலிவான வட்டில் வேகமாக எரிப்பதாலும் கோப்பு சிதையும். வட்டின் படக்கோப்பான ஐஎஸ்ஓவின் ஹாஷ் மதிப்பை மூலத்தோடு ஒப்பிட்டு, மெதுவான வேகத்தில் எரித்தால் இதைத் தவிர்க்கலாம்.

சர்வீஸ் பேக்குகளே சில கீகளின் நிலையை மாற்றியிருக்கின்றன. 2002-இல் வந்த முதல் பேக், வெளியே கசிந்து பெருமளவில் பயன்பட்ட மொத்த உரிமக் கீகளைத் தடுத்தது. அதைக் கலந்த வட்டில் அந்தக் கீகளுக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. 2007 ஆகஸ்டில் நடந்தது இதற்கு நேர்மாறானது. எக்ஸ்பி எதிர்பார்த்ததைவிட நீண்ட காலம் விற்றதால், கணினி அசெம்பிள் செய்பவர்களுக்கான புரொஃபஷனல் கீகளுக்குப் புதிய வரிசை தேவைப்பட்டது. அந்தக் கீகளை ஏற்பதற்காகவே 'எஸ்பி2சி' என்ற வட்டு வெளியானது. புதிய வரிசைக் கீயைப் பழைய எஸ்பி2 (இரண்டாம் சர்வீஸ் பேக்) வட்டு அறியாது. இங்கே கீ உண்மையானது, வட்டு உண்மையானது, இரண்டும் ஒரே வழியைச் சேர்ந்தவை. மறுப்புக்குக் காரணம் வட்டின் வயது மட்டுமே. 'கீ செல்லாது' என்ற சொற்றொடர் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2008-இல் வந்த மூன்றாம் பேக் ஒரு நல்ல மாற்றத்தைக் கொண்டுவந்தது. அதைக் கலந்த வட்டில் நிறுவும்போது கீயைக் கேட்கும் இடத்தைக் காலியாக விட்டு மேலே போகலாம். கீயைப் பின்னர் தரலாம். கீயா, வட்டா, வன்பொருளா என்று கோளாறைப் பிரித்தறிய இது பெரிதும் உதவியது.

யாரும் பார்க்காத பதில் கோப்பு

சில நேரங்களில் நாம் தட்டும் கீயே சோதிக்கப்படுவதில்லை. ஆள் இல்லாமல் தானாக நிறுவும்படி மாற்றியமைத்த வட்டில் 'வின்என்டி.எஸ்ஐஎஃப்' என்ற பதில் கோப்பு இருக்கும். எரித்தவர் தன் கீயை அதில் எழுதியிருந்தால், நிறுவல் அதைத்தான் எடுத்துக்கொள்ளும். அது பொருந்தாவிட்டால், பதில் கோப்பிலுள்ள எண் செல்லாது என்ற செய்தி வரும். பயனரோ தன் கீயைப் பற்றிய தீர்ப்பு என்று எண்ணிக்கொள்வார். கோப்பை நோட்பேடில் திறந்து, கீ எழுதியுள்ள வரியைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

பதில் கோப்பில் கீ வெறும் எழுத்தாகவே கிடக்கிறது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். அந்த வட்டை இன்னொருவருக்குக் கொடுத்தால் உரிமத்தையும் கொடுத்ததாகிறது. ஆகவே வட்டு தயாரிப்பவர்கள் கீ கேட்கும் கட்டத்தைக் காலியாக விடுவதே நல்லது.

விஸ்டாவிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் இந்தப் பதில் கோப்பின் இடத்தில் 'ஆட்டோஅன்அட்டெண்ட்.எக்ஸ்எம்எல்' வந்தது. இதில் கீ இரண்டு இடங்களில் வரலாம். நிறுவலின் தொடக்கக் கட்டத்தில் எழுதும் கீ எந்தப் பதிப்பை நிறுவுவது என்று தேர்ந்தெடுக்கிறது. பின்னர் 'ஸ்பெஷலைஸ்' கட்டத்தில் எழுதும் கீ ஆக்டிவேஷனுக்கு. முதலிடத்தில் புரொவும் இரண்டாமிடத்தில் ஹோமும் இருந்தால், கோப்புகள் எல்லாம் நகலான பிறகு பாதி வழியில் நிறுவல் முறியும்.

பதிப்புகள் ஒரே பொதிக்குள் வந்தபின்

2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வந்த விஸ்டா, 'இன்ஸ்டால்.விம்' என்ற ஒரே பொதிக்குள் பல பதிப்புகளை அடக்கியது. எதை நிறுவுவது என்பதைக் கீ தீர்மானிக்கிறது. 'சோர்சஸ்' கோப்புறையிலுள்ள 'இஐ.சிஎஃப்ஜி' என்ற சிறு கோப்பு பதிப்பையும் விற்பனை வழியையும் குறிக்கிறது. இதோடு மறுப்பின் தன்மையும் மாறியது. கையொப்பம் சரியாக இருந்தும், அது குறிக்கும் பதிப்பு பொதியில் இல்லாததால் கீ மறுக்கப்படலாம்.

மாற்றியமைப்பவர்கள் இடத்தை மிச்சப்படுத்தப் பொதியிலிருந்து மற்றப் பதிப்புகளை நீக்கிவிட்டு, புரொவை மட்டும் வைத்துக்கொள்வது வழக்கம். விண்டோஸ் 8 வந்த 2012 முதல், தயாரிப்பாளர்கள் கீயை ஸ்டிக்கரில் அச்சிடாமல் மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே பதிக்கத் தொடங்கினார்கள். நிறுவல் அதைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். ஹோம் கீ பதித்த மடிக்கணினியில் புரொ மட்டும் உள்ள பென்டிரைவைச் செருகினால், 'இந்தக் கீ இங்குள்ள எந்தப் பதிப்போடும் பொருந்தவில்லை' என்று திரை சொல்லும். பயனர் எந்தக் கீயையும் தட்டியிருக்கவே மாட்டார். இந்தியாவில் விற்கும் மடிக்கணினிகள் பலவற்றில் வருவது 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' என்ற தனிப் பதிப்பு. ஹோம் என்று பொதுவாக நினைத்துத் தயாரித்த வட்டிலும் அது இல்லாமல் போகலாம். நிறுவனங்களுக்கான ஐஎஸ்ஓவில் ஹோம் வகைகளே இருப்பதில்லை.

பொதியில் என்ன இருக்கிறது என்று பார்க்க 'டிஸ்ம்' கட்டளை போதும். எல்லாப் பதிப்புகளையும் வரிசை எண்ணோடு பட்டியலிடும். புரொவுக்குத் தனியாக உரிமம் வாங்கியிருந்தால், அந்தக் கீயை 'சோர்சஸ்' கோப்புறையில் 'பிஐடி.டிஎக்ஸ்டி' என்ற கோப்பில் எழுதலாம். நிறுவல் ஃபர்ம்வேர் கீக்குப் பதில் அதை எடுத்துக்கொள்ளும். அப்படி உரிமம் இல்லாதவருக்குத் தேவை ஹோம் பதிப்பு உள்ள ஐஎஸ்ஓ மட்டுமே.

ஆய்வகங்களில் ஒரு கணினியைத் தயார்செய்து, அதையே படமெடுத்துப் பொதியாக்குபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 'இமேஜ்எக்ஸ்' கருவியால் படமெடுக்கும்போது பதிப்பின் பெயரைக் குறிக்கும் 'ஃப்ளாக்ஸ்' பகுதியை விட்டுவிட்டால், நிறுவல் மென்பொருளுக்கு அந்தப் பொதி எந்தப் பதிப்பென்று தெரியாது. கீயில் குறையே இல்லாமல் மறுப்பு வரும்.

நுழைந்த பின் வரும் மறுப்பு

நிறுவும்போது ஏற்ற கீ, ஆக்டிவேஷனில் மறுக்கப்படுவது வேறு சிக்கல். அங்கே வட்டுக்குப் பதில் மைக்ரோசாஃப்டின் சர்வர் கேள்வி கேட்கிறது. பெரிய தயாரிப்பாளர்களின் எக்ஸ்பி கணினிகளில் தொழிற்சாலையிலேயே போட்ட கீ ஒன்று. ஸ்டிக்கரில் இருப்பது வேறொன்று. 2005 பிப்ரவரி 28 முதல், முன்னணித் தயாரிப்பாளர்களின் ஸ்டிக்கர் கீகளை இணையவழி ஆக்டிவேட் செய்வது நிறுத்தப்பட்டு, தொலைபேசியில் அழைக்க வேண்டியதானது. கீ செத்துவிட்டதென்று அப்போது பலர் கைவிட்டார்கள். உண்மையில் வாசல்தான் மாறியிருந்தது.

இன்றைய விண்டோஸில் பிழை எண்ணே ஓரளவு வழிகாட்டும். கடைசியில் 'எஃப்212' வந்தால் நிறுவிய பதிப்பும் உரிமத்தின் பதிப்பும் வேறு. 'சி003' வந்தால் கீயைச் சர்வர் செல்லாததாக வைத்திருக்கிறது. 'சி008' என்றால் அனுமதித்ததைவிட அதிகக் கணினிகளில் பயன்பட்டிருக்கிறது. '8007232பி' என்றால் கணினி ஒரு நிறுவனத்தின் உள் ஆக்டிவேஷன் சர்வரைத் தேடிக் காணாமல் நிற்கிறது. அதாவது வீட்டுக் கணினியில் மொத்த உரிமப் பதிப்பு புகுந்திருக்கிறது. சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கும் கீகளில் நிறுவனங்களுக்குக் கொடுத்தவையும் உண்டு. முதல் நாள் வேலைசெய்யும், பிறகு முடக்கப்படும். நிறுவுவதற்கு மட்டுமென்று மைக்ரோசாஃப்டே வெளியிட்டுள்ள பொதுக் கீகளும் இருக்கின்றன. அவை உள்ளே விடும், உரிமம் தராது.

விண்டோஸ் 10 வந்த சில மாதங்களில், 2015 நவம்பர் முதல், விண்டோஸ் 7, 8 கீகளும் அதில் ஏற்கப்பட்டன. 2023 செப்டம்பரில் அந்த வழி மூடப்படுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பழைய குறிப்புகளை நம்பி அதே கீயை இன்று போடுபவருக்கு மறுப்பு வருவது இதனால்தான்.

தேட வேண்டிய வரிசை

இவ்வளவையும் தொகுத்தால், கீயை மாற்றிப் பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டியவை வரிசைப்படுகின்றன. முதலில், மறுப்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். இணையமில்லாமல் நிறுவும்போதே வந்தால் வட்டு. நிறுவி முடித்த பின் வந்தால் உரிமம். இரண்டாவதாக, கீயின் பிறப்பை எழுதிக்கொள்ளுங்கள்: எந்த விண்டோஸ், எந்தப் பதிப்பு, எந்த விற்பனை வழி, எத்தனை பிட். விஸ்டா முதல் ஒரே கீ 32, 64 பிட் இரண்டுக்கும் செல்லும், எக்ஸ்பிக்கு அப்படியில்லை. மூன்றாவதாக, அதே விவரங்களை வட்டுக்கும் எழுதி ஒப்பிடுங்கள். பெரும்பாலும் கோளாறு இந்த இடத்திலேயே வெளிப்பட்டுவிடும். நான்காவதாக, பதில் கோப்பும் ஃபர்ம்வேர் கீயும் உங்களை முந்திக்கொள்கின்றனவா என்று பாருங்கள். ஐந்தாவதாக, மாற்றம் எதுவும் செய்யாத மூல வட்டில் அதே கீயைப் போட்டுப் பாருங்கள். அங்கே ஏற்கப்பட்டால் குறை மாற்றியமைத்ததில் உள்ளது. அந்த மூலத்திலிருந்தே, ஒவ்வொரு மாற்றமாகச் சேர்த்து, புதிய வட்டைத் தயாரிக்கலாம். அங்கும் மறுக்கப்பட்டால்தான் கீயைச் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. அப்போது ரசீதோடு விற்றவரையோ மைக்ரோசாஃப்டையோ கேட்பதே முறை.

யார் பொறுப்பு

கள்ள நகலைத் தடுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் பதிப்பு வேறு, விற்பனை வழி வேறு, வட்டு பழையது, எழுத்துப் பிழை என்ற நான்கு வெவ்வேறு காரணங்களுக்கு எக்ஸ்பி ஒரே செய்தியைக் காட்டியது நேர்மையாக வாங்கியவர்களுக்குச் செய்த அநீதி. அந்த மங்கலான செய்திதான் உரிமம் வைத்திருந்தவர்களையும் கள்ளக் கீயின் பக்கம் தள்ளியது. பிந்தைய பதிப்புகளில் செய்தி கொஞ்சம் தெளிந்திருக்கிறது என்றாலும், பிழை எண்ணைத் தேடிப் பொருள் அறியும் சுமை இன்னும் பயனர் தலையில்தான் இருக்கிறது. 'இது ஹோம் கீ, இந்த வட்டில் புரொ மட்டுமே உள்ளது' என்று ஒரு வரி சொல்ல மென்பொருளுக்குத் தெரியும், சொல்ல வேண்டும்.

வட்டு தயாரித்துக் கொடுப்பவர்களுக்கும் கடமை உண்டு. எந்த மூலத்திலிருந்து, எந்தப் பதிப்பில், எந்த வழியில் தயாரித்தோம், எதைச் சேர்த்தோம், எதை நீக்கினோம் என்பதை வட்டின் மேலேயே எழுதிவைக்க வேண்டும். பயனர் தன் பங்குக்கு, கணினி வாங்கிய அன்றே, கீ ஸ்டிக்கர் இருந்தால் அதைப் படமெடுத்து, அந்தக் கணினிக்குரிய மூல ஐஎஸ்ஓவை ஹாஷ் மதிப்போடு சேமித்துக்கொள்ளலாம். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் முடிந்தது. ஆதரவு முடிந்த இயங்குதளத்தின் மூல வட்டு ஆண்டுக்காண்டு அரிதாகும். கீ எத்தனை ஆண்டுகள் பத்திரமாக இருந்தாலும், அதற்குப் பொருந்தும் வட்டு கையில் இல்லாவிட்டால் வாங்கிய உரிமத்தைப் பயன்படுத்த வழியில்லை. ஆகவே கீயைக் காப்பாற்றும் அதே அக்கறையோடு வட்டையும் காப்பாற்ற வேண்டும்.